முன்சக்கரங்களுக்கு விடுதலை வேண்டாம்

தோட்டத்துக் கெப் வண்டி, அதாவது பிக்கப், ஓட்டுபவனுக்கு இரண்டு எசமான்கள்: பங்களாவிலிருந்து தோட்டத்தை நடத்தும் தொரை ஒன்று, சேற்று ஏற்றம் இன்னொன்று. மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தோட்டம் கம்பெனிக்குக் கைமாறிய பிறகு, கூட்டம் போட்டு ஆட்களைக் கிளப்பிய என்னை ரப்பர் மலையிலிருந்து பிரித்து இந்த வண்டியில் ஏற்றினார்கள். ஸ்டியரிங் பிடித்த கை கொடி பிடிக்காது என்று எண்ணம்.

ஃப்ரீ

வண்டியின் முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குமிழ் இருந்தது. ஒரு பக்கம் திருகினால் 'ஃப்ரீ', மறுபக்கம் 'லொக்'. துண்டுப்பிரசுரங்களில் படித்த இங்கிலீசு என்னுடையது. ஃப்ரீ என்றால் விடுதலை. லொக் என்றால் கதவடைப்பு, பொலிஸ் கூண்டு. இரண்டையும் ஃப்ரீயில் வைத்தே ஒரு மாதம் ஓட்டினேன்.

முதல் பெருமழையில், மேல் டிவிசன் ஏற்றத்தில், நாலு சக்கர கியரைப் போட்டும் பின்சக்கரங்கள் மட்டும் சுழன்று சேற்றை வாரி இறைத்தன. ஃப்ரீயில் இருக்கும் சக்கரத்துக்கு இழுக்கும் வேலையே கிடையாது என்று அன்றுதான் தெரிந்தது. மழையால் ரப்பர் பால்வெட்டு நின்று, வெறும் வாளியோடு இறங்கி வந்த தொழிலாளி பாக்கியம் என்னவென்று கேட்டாள்; குமிழ் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னங்க தலைவரே, விடுதலை குடுத்தா வேல நடக்காதுன்னு தொரை சொல்றது சரிதான் போல?"

அரை நாள் வேலை

தொரை ஒருநாள் முன்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டையே கழற்றிவிடச் சொன்னார். டீசல் மிச்சமாகும், தேய்மானம் குறையும், பாதி நாள் இரண்டு சக்கரமே போதும் என்றார். அதில் பொய் இல்லை. ஆனால் மேல் டிவிசன் தொழிலாளர் லயத்தில் யாருக்கு என்ன வந்தாலும் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு இறங்க இந்த ஒரு வண்டிதான். சொன்னேன். "திங்கக்கிழமை கழட்டு" என்றார்.

கராஜில் எங்கள் சிங்கள மெக்கானிக் பாஸிடம், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"கழட்ட அரை நாள், தலைவர். திரும்பப் பூட்ட ஒரு ஆள் சாகணும்."

லொக்

சனிக்கிழமை மத்தியானம், கொட்டும் மழையில், மேல் டிவிசன் லயத்தில் பாக்கியத்தின் மகள் செல்விக்கு இடுப்புவலி. ஏற்றத்தின் அடியில் இறங்கி, சேற்றில் குந்தி, இரண்டு குமிழையும் லொக்குக்குத் திருகினேன்.

வண்டி ஏறியது. பின்சக்கரங்கள் வழுக்கும்போது முன்சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. முன்னவை வழுக்கும்போது பின்னவை தள்ளின. ஒற்றுமை, ஒற்றுமை என்று மேடையில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

செல்வியை ஏற்றிக்கொண்டு இறங்கும்போதும் அந்தச் சிலிர்ப்பு அடங்கவில்லை. "பயப்படாத தங்கச்சி, நாலும் சேர்ந்து இழுக்குது, நம்ம ஆளுங்களும் இப்படிச் சேர்ந்தா..." என்று தொடங்கினேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, பேசாம ஓட்டுங்க. கூட்டத்தில பேசினது போதும்."

வண்டிக்கு அடியில்

தாயும் பெண்குழந்தையும் பிழைத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் நர்ஸ். தொரையிடம் சொன்னேன். "அதான் பொழைச்சிட்டாங்களே" என்றார், உத்தரவு மாறவில்லை.

ஏற்கெனவே இரண்டு முறை வேலை போனவன் நான். மூன்றாம் முறை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். எழுத வெட்கமாக இருக்கிறது: திங்கட்கிழமை காலை ஸ்பேனரோடு நானே வண்டிக்கு அடியில் படுத்தேன்.

மூன்றாவது நட்டு கழன்றபோது வெளிச்சம் மறைந்தது. சுற்றிலும் பெண்களின் சேற்றுக் கால்கள், பால் வாளிகள். வண்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நோட்டீஸ் இல்லை, கோஷம் இல்லை. நான் கூட்டிய எந்தக் கூட்டத்துக்கும் இப்படி வந்ததில்லை. மல்லாந்து கிடந்தபடி பார்த்தேன்.

"யார் கூட்டினது? தலைவரா?" என்று தொரை கத்தினார். பாக்கியம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னாள்.

"யாரும் கூட்டலீங்க தொரை, நாங்களாத்தான் வந்தோம். தலைவரு ஒங்க வேலையச் செஞ்சுக்கிட்டு அடியில கெடக்கிறாரு."

அன்றைய பால்வெட்டு முழுதும் நின்றுபோனதில் தொரை உத்தரவை வாபஸ் வாங்க, ஓர் ஆளும் சாகாமலே அந்த மூன்று நட்டையும் நானே திரும்ப முறுக்கினேன்; என் வாழ்நாளில் முழுதாக வென்ற ஒரே போராட்டம், நான் எதிர்ப்பக்கம் படுத்துக் கிடந்த போராட்டம்தான்.