மத்தியமத்தில் மடங்கும் விரல்

முதல் முறை அது நடந்தது பெங்களூர் மல்லேஸ்வரத்தில், ஒரு ராமநவமிக் கச்சேரியில். பாடகிக்குப் பக்கத்தில் வயலினோடு உட்கார்ந்திருந்தேன். இருபது வருடங்களாக நான் பிழைத்து வந்த இடம் அது. அவர் அந்தக் கணத்தில் கோக்கும் ஸ்வரங்களை நான் உடனுக்குடன் திருப்பி வாசிக்கும் கல்பனாஸ்வரம் சூடு பிடித்த நேரம். மத்தியமத்துக்காக, அதாவது ச ரி க ம-வில் வரும் அந்த 'ம'வுக்காக, மோதிர விரலை இறக்கினேன். அது தந்தியில் படவில்லை. குனிந்து பார்த்தால், உள்ளங்கைக்குள் சுருண்டு கிடந்தது. நடுவிரலை இழுத்து அந்த இடத்தை ஒப்பேற்றினேன்.

சபையில் யாருக்கும் தெரியவில்லை. பாடகிக்குத் தெரிந்தது.

"என்னடி ஆச்சு இன்னிக்கு? ஒரு எடத்துல வழுக்கினாப்ல இருந்துதே?"

"வேர்வைக்கா."

ஏப்ரல் மாதப் பந்தல். நானே அதை நம்பினேன்.

மறுநாள் மர்பி டவுன் வீட்டில் அதே கையால் மாவு பிசைந்தேன், கணவரின் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். விரலில் ஒரு குறையும் இல்லை. வயலினை மார்பில் சாய்த்ததும் தானாகச் சுருண்டது. வலி கிடையாது, மரத்துப்போகவும் இல்லை. வயலின் வந்துவிட்டது என்று அதற்குத் தெரிந்தாற்போல் இருந்தது.

"இன்னா, கையவே பாத்துக்கினு இருக்கே?" என்றார் கணவர்.

"சும்மாதாங்க."

அந்தக் கோடையில்தான் அல்சூர் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் இசைப்பள்ளிக்கு என்னை முதல்வராக்கினார்கள். எங்கள் தெருவிலிருந்து அப்படியொரு நாற்காலிக்கு யாரும் போனதில்லை. சேர்ந்த அன்றே செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேடம், நீங்க மேடையில இருக்கீங்கன்னுதான் பேரண்ட்ஸ் இங்க வர்றாங்க. அதை மட்டும் விட்டுடாதீங்க."

கச்சேரி இல்லாத ஒரு நாளாகப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

பிரேசர் டவுனில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனேன். வயலினை எடுத்து வரச் சொல்லி, அவர் அறையிலேயே வாசிக்க வைத்துப் பார்த்தார்.

"விரல்ல ஒண்ணும் இல்லம்மா. ஒரே அசைவைப் பல வருஷம் திருப்பித் திருப்பிச் செஞ்சதுல, மூளை இந்த விரலைத் தப்பாப் படிச்சு வச்சிருக்கு. வாத்தியம் வாசிக்கிறவங்களுக்கு இது வரும்."

"சரியாயிடுமா டாக்டர்?"

"வாசிக்கிறதை நிறுத்திட்டு மொதல்லேர்ந்து பழகணும். சில பேருக்குச் சரியாகுது. இப்படியே இழுத்துக்கிட்டுப் போனீங்கன்னா பக்கத்து விரலும் சேர்ந்துக்கலாம்."

நான் நிறுத்தவில்லை. மோதிர விரலை ஒதுக்கிவிட்டு வாசிக்கப் பழகிக்கொண்டேன். வேகமாகப் பாடுகிறவர்கள் கூப்பிட்டால் தேதி இல்லை என்றேன். என் வாசிப்பில் நிதானம் கூடியிருப்பதாக ஒரு விமர்சகர் எழுதினார். பள்ளியில் பிள்ளைகள் பெருகினார்கள். மூன்று வருடம் ஓடியது. கடைசி வருடம் சுண்டுவிரலும் லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது.

ஆண்டுத் தேர்வுக்கு மைசூரிலிருந்து ஒரு மூத்த வயலின் வித்வான் வந்திருந்தார். முதல் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேர் வரிசையாக உட்கார்ந்து, முதல் பாடமான சரளி வரிசையை ஆரம்பித்தார்கள். ச, ரி, க. மத்தியமம் வந்தது. பதினோரு நடுவிரல்கள் ஒன்றாகச் சறுக்கின. பதினோரு மோதிர விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இருந்தன.

அவர்களுக்கு நான் அப்படிச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. என் கையைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"மத்தியமத்துக்கு இது உங்க பாணியா மேடம்? நான் எங்கேயும் பார்த்ததில்லையே," என்றார் வித்வான்.

"ஆமா சார்," என்றேன்.

தேர்வு முடிந்து வெளியே வந்தபோது ஜோகுபாளையத்துத் தாய் ஒருத்தி, அந்தப் பதினொருவரில் ஒருத்தியான ஒன்பது வயது மகளோடு நின்றிருந்தாள்.

"மிஸ், இவளுக்கு அந்த வெரலு வூட்லகூட மடங்கிக்கினே இருக்குது. நீட்டுடின்னா, வரலம்மான்றா. டாக்டராண்ட காட்டணுமா?"

அந்தச் சிறுமியின் விரலைப் பிடித்து நிமிர்த்தினேன். விட்டேன். மெதுவாக உள்ளே போனது.

அன்றைக்கே மருத்துவரிடம் ஓடினேன்.

"இது தொத்து வியாதி இல்லம்மா. பழக்கம்தான்."

"எனக்கும் பழக்கத்துல வந்ததுன்னுதானே சொன்னீங்க?"

அவர் தன் மோதிர விரலை ஒரு முறை மடக்கி நிமிர்த்தினார். பிறகு, "சின்னப் பிள்ளை. சீக்கிரம் மாத்துங்க. ஆறு மாசத்துல மாறலைன்னா கூட்டிட்டு வாங்க. முதல்ல நீங்க வாசிக்கிறதை நிறுத்துங்க," என்றார்.

அடுத்த சனிக்கிழமை பெற்றோர்களையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். செயலாளர் பாதியில் எழுந்து போனார். ஒப்புக்கொண்டிருந்த கச்சேரிகளை ஒவ்வொன்றாக ரத்து செய்தேன். பாடகிக்கு போன் செய்தபோது, "அன்னிக்கே தெரியும்டி. நீயா சொல்லுவேன்னு பாத்துண்டிருந்தேன்," என்றார். அதன்பின் அவர் என்னைக் கூப்பிடவில்லை.

முதல்வர் நாற்காலி இந்தக் கல்வியாண்டு முடியும்வரை என்னிடம் இருக்கும். அதற்கு அப்புறம் பார்க்கலாம் என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் நான் இப்போது வாய்ப்பாட்டாகப் பாடிக் காட்டுகிறேன். இன்னொரு ஆசிரியை விரல் வைத்துக் காட்டுகிறாள். இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். எட்டுப் பேருக்கு மோதிர விரல் மெல்ல மெல்லத் தந்திக்கு வந்துவிட்டது.

ஜோகுபாளையத்துச் சிறுமி ஒரு வகுப்பும் தவறுவதில்லை. ஒரு நாள் விரல் இறங்குகிறது, மறுநாள் பாதி வழியில் நின்று திரும்பிவிடுகிறது. அப்போது அவள் நிமிர்ந்து என்னைத்தான் பார்க்கிறாள். மருத்துவர் சொன்ன ஆறு மாதம் போன வாரத்தோடு முடிந்தது. திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அவளை அழைத்துப் போகிறேன். அவள் அம்மா தினமும் போன் செய்கிறாள்.

"ஒண்ணும் இருக்காதில்ல மிஸ்?"

"தெரியலம்மா," என்றுதான் சொல்கிறேன்.