திரைக்குப் பின்னால் சாம்பார் வராது

செவ்வாய்க்கிழமை காலை, சிம்மக்கல்லில் நான் வழக்கமாகச் சாப்பிடும் டிபன் கடை. முன் ஹாலில் ஒரு மேஜை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

இலை வரவில்லை. தண்ணீர் வரவில்லை. கல்லாவிலிருந்து முதலாளி முருகேசன் அண்ணனின் குரல் மட்டும் வந்தது.

"யம்மா, உள்ள ஃபேமிலி ரூம் காலியாத்தான் இருக்கு. அங்கிட்டுப் போயி உக்காருங்க."

"பரவாயில்லண்ணே. இங்கயே இருக்கேன்."

சுற்றி இருந்த ஆண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் எழுதியிருந்த மெனுவைப் பார்த்தேன். அந்த மெனு எனக்கு மனப்பாடம். இருந்தாலும் பார்வையை எங்கேயாவது வைக்க வேண்டுமே!

முழங்கால் வலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னதும், நான் வைகைக் கரையோரம் நடக்க ஆரம்பித்ததும் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். அந்த நடை எங்கே போய் முடிகிறது என்பதை மட்டும் இதுவரை சொல்லவில்லை. இந்தக் கடையில், ஒரு பொடி ரோஸ்ட்டில் முடிகிறது. டாக்டர் இந்த வாரம் பத்திரிகை வாங்காமல் இருக்கட்டும்.

ஃபேமிலி ரூம் என்றதும் ஏதோ ஏசி ஹால் என்று நினைத்துவிடாதீர்கள். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், பச்சைத் துணியைத் தொங்கவிட்ட ஒரு தடுப்பு. உள்ளே இரண்டு மேஜை, ஒரு ஃபேன். அது ஓடுகிறதா புலம்புகிறதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தனியாக வரும் பெண் அங்கேதான் உட்கார வேண்டும். வீட்டில் நான் ஒருத்திதான். ஆனாலும் எனக்கு ஃபேமிலி ரூம்! அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை ஆண்கள் சேர்ந்து வந்தால் அது ஃபேமிலி இல்லையாம். அவர்கள் முன்னால் உட்காரலாம். இந்தக் கணக்கை யார் போட்டது?

சரி, எங்கே உட்கார்ந்தால் என்ன, இட்லி இட்லிதானே என்கிறீர்களா? இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முன் ஹாலில் ராசு அண்ணன் சாம்பார் வாளியோடு சுற்றிக்கொண்டே இருப்பார். வாய் திறக்க வேண்டாம்... இலை காய்ந்திருந்தால் ஒரு கரண்டி விழும். சட்னியும் அப்படித்தான். மதுரைக்காரர்களுக்குச் சட்னியைக் கேட்டு வாங்கப் பிடிக்காது. கேட்காமல் வர வேண்டும், அதற்குப் பெயர்தான் கவனிப்பு. இந்தக் கடைக்கு கூகுளில் ஸ்டார் போட்ட ஒருவர், 'கேட்காமலே சாம்பார் வரும்' என்று எழுதியிருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் ஆம்பளை.

திரைக்குப் பின்னால் இருக்கும் இலை ராசு அண்ணன் கண்ணில் எப்படிப் படும்? சத்தம் போட்டுத்தான் கூப்பிட வேண்டும். ஒரு பெண் உள்ளே இருந்து "சாம்பார்!" என்று கத்தினால் மொத்த ஹாலும் திரும்பிப் பார்க்கும். அதற்குக் கூச்சப்பட்டே பாதிப் பேர் மிச்ச இட்லியைத் தண்ணீர் குடித்து இறக்கிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ரோஸ்ட்டோ, அந்தத் திரையைத் தாண்டி வருவதற்குள் துணி மாதிரி தொய்ந்துவிடும்.

அதனால்தான் அன்று எழுந்திருக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

முருகேசன் அண்ணன் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். மோசமான மனிதர் இல்லை. குரலைத் தணித்துத்தான் பேசினார்.

"நான் என்னம்மா செய்ய? நீங்க இங்க உக்காந்தா எதுக்க ஒருத்தனும் உக்கார மாட்டேங்கிறான். நாலு பேரு சாப்புடுற டேபிளு. இது கூட்ட நேரம் வேற."

"உக்காரச் சொல்லுங்கண்ணே. நான் என்ன கடிச்சா வச்சிருவேன்?"

"பொம்பளைகளுக்கு ஒரு மரியாதையா இருக்கட்டும்னுதான திரையே போட்டேன்."

"அந்த மரியாதைக்குள்ள சாம்பார் வர மாட்டேங்குதே அண்ணே!"

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். அண்ணனின் முகம் மாறிவிட்டது. "ராசு, அந்த டேபிளைப் பெறகு பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார்.

எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் இலை விழுந்தது. வடை வந்தது, பொங்கல் வந்தது. இரண்டு பேர் என் எதிரே இருந்த காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, சுவரோரம் நின்றபடியே சாப்பிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரோஸ்ட்டுக்காக இப்படி உட்கார்ந்திருக்க வேண்டுமா, எழுந்து வீட்டுக்குப் போய் உப்புமா கிண்டினால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஆனால் அன்று எழுந்தால் மறுபடி அந்த நாற்காலியில் நான் உட்காரப் போவதில்லை. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பாண்டியம்மாள் வந்தார்.

எழுமலையிலிருந்து முதல் பஸ்ஸில் கத்தரிக்காய் மூட்டையோடு வருபவர். கடைகளுக்குக் காயைப் போட்டுவிட்டு, தினமும் இங்கே பார்சல் வாங்கிப் போய், ரோட்டோரம் காலிச் சாக்கை விரித்து உட்கார்ந்து சாப்பிடுவார். பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அதற்கு மேல் பழக்கமில்லை.

"என்னக்கா, இலை இல்லாம உக்காந்திருக்கீக?"

"உள்ள போகச் சொல்றாக. நான் போகல."

அவர் பச்சைத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சாக்கைச் சுருட்டி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு நா உக்காந்து திங்கணும்னு ஆசைதேன். திரைக்குள்ள போயி ஒளிஞ்சு திங்க நான் என்ன களவாண்டா வந்துருக்கேன்? ராசண்ணே, பார்சல் வேணாம். இலையப் போடுங்க!"

சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள்... சந்தையில் பழகிய குரல்! பார்சலுக்குக் காத்திருந்த அவருடைய ஊர்க்காரப் பெண் செல்வி உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால், பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் நூர்ஜகானும் தயங்கித் தயங்கி வந்தார்.

நான்கு நாற்காலிகளும் நிறைந்துவிட்டன.

நாலு பேர் சாப்பிடும் டேபிள் வீணாகிறது என்பதுதானே அண்ணனின் புகார்? அவர் எங்களை ஒருமுறை பார்த்தார்.

"ராசு... அங்க என்ன வேணும்னு கேளு."

இலை விழுந்தது. ரோஸ்ட் கல்லிலிருந்து நேராக வந்தது, தொட்டால் நொறுங்கியது. இட்லி பாதி முடிவதற்குள் யாரும் கேட்காமலே சாம்பார் விழுந்தது. நூர்ஜகான் ஒரு வாய் வைத்துவிட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"யா அல்லா! இம்புட்டு வருஷமா பார்சல் வாங்குறேன். இந்தக் கடை சாம்பார் சூடா இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது."

நாங்கள் நால்வரும் சிரித்த சிரிப்பில் மறுபடி மொத்த ஹாலும் திரும்பிப் பார்த்தது. இந்த முறை நான் மெனுவைப் பார்க்கவில்லை. அவர்களையே திருப்பிப் பார்த்தேன்.

புதன், வியாழன்... அதே மேஜை, அதே நால்வர். இனி யாராவது என்னை உள்ளே போகச் சொன்னால் போக மாட்டேன். நீங்களும் போகாதீர்கள். உட்காருங்கள். கொஞ்ச நேரம் உடம்பு கூசும், தாங்கிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம். திருப்பரங்குன்றத்தில் முகூர்த்தத்துக்குப் போகிறவர் போல, பட்டு வேட்டியில் ஒருவர் தனியாக வந்தார். முன் ஹாலில் இடமில்லை. முருகேசன் அண்ணன் எங்கள் மேஜையைப் பார்த்தார். பிறகு பட்டு வேட்டிக்காரரிடம் சொன்னார்:

"அண்ணே, உள்ள ஃபேமிலி ரூம் காலியா இருக்கு. போயி உக்காருங்க."

"நான் ஒத்தையாத்தான வந்துருக்கேன்?"

"அதனால என்னண்ணே? போங்க, போங்க."

போனார். கொஞ்ச நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது: "தம்பி... சாம்பார்."

ராசு அண்ணன் முன்னால் வாளியோடு சுற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பீ... கொஞ்சம் சாம்பாரு!"

பாண்டியம்மாள் விரலை நக்கிவிட்டுத் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அங்கிட்டு இருந்து கூப்புட்டா கேக்காதுண்ணே! இலையத் தூக்கிட்டு இங்கிட்டு வாங்க, தள்ளி உக்காருறோம்!"

அவர் வரவே இல்லை. பாவம், கூச்ச சுபாவம் போல.