கோலம் இல்லை, மாவு

அம்மா இறந்த பிறகு எங்கள் பால்கனியில் எறும்புகள் பட்டினி கிடந்தன. எனக்கு அது தெரியவே கொஞ்ச நாள் ஆனது.

மைசூரில் அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். படியேறினால் பால்கனி, அதைத் தாண்டித்தான் கதவு. அதனால் அம்மா வாசல் கோலத்தைப் பால்கனியிலேயே போடுவாள். அக்கம்பக்கத்தில் கல்லுப்பொடி, அவள் மட்டும் அரிசி மாவு. மத்தியானத்துக்குள் எறும்புகள் கோலத்தைத் தின்று முடித்திருக்கும். எண்ணெய் டின்களிலும் உடைந்த பக்கெட்டுகளிலும் செம்பருத்தி, துளசி, கறிவேப்பிலை வைத்திருந்தாள். எதற்கும் மருந்து அடிக்க விடமாட்டாள். அப்பா முணுமுணுத்தால், "நாம மட்டும் என்ன சொந்த ஊட்டுலயா இருக்கறோம்? அதுகளும் இருந்துட்டுப் போவட்டும்" என்பாள்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால், துணி காயப்போடும் கம்பியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டத் தொடங்கியிருந்தது. "அங்க துணி போடாத கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. குஞ்சு பொரித்ததை நான்தான் பார்த்தேன்.

வருஷம் திரும்பும்வரை கோலம் போடக் கூடாது என்று அப்பாவின் அக்கா, என் அத்தை, சொல்லியிருந்தாள். நானும் போடவில்லை. பால்கனியில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவேன். ஏழாவதோடு படிப்பை விட்டவள், அந்த வேலைதான் தெரியும். அழுகை வந்தால் அழுதுவிட்டு மறுபடி உருட்டுவேன்.

அப்படி ஒருநாள் நிமிர்ந்தபோது கம்பியில் சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. எறும்புகள், கூட்டை நோக்கி. தாய்ச்சிட்டு வந்து கத்துவதும் பறப்பதுமாக இருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தன.

கட்டட வேலை இல்லாததால் அன்று அப்பா வீட்டில் இருந்தார். கடைக்குப் போய் எறும்புப் பொடி வாங்கி வந்தார்.

"தள்ளு. தூவிட்டா காலி."

"வேண்டாங்கப்பா. மருந்து தின்ன பூச்சியச் சிட்டு கொத்திக் குஞ்சுக்குக் குடுக்கும்."

"குஞ்சு வேணுமா, எறும்பு வேணுமா? ஒண்ணச் சொல்லு."

"ரெண்டும் வேணும். அம்மா இருந்தப்ப ரெண்டும் இருந்துச்சல்ல?"

சொன்ன பிறகுதான் யோசித்தேன். அம்மா இருந்தபோது எறும்புகளுக்குக் கீழேயே, கோலத்திலேயே சாப்பாடு இருந்தது.

விளக்கெண்ணெயில் துணியை நனைத்துக் கம்பியின் இரண்டு முனையிலும் இறுக்கிக் கட்டினேன். பிறகு மாவு டப்பாவைத் திறந்தேன். அம்மா சலித்து வைத்த மாவு. அதை எடுக்க மனசே வரவில்லை. எடுத்தேன். ஊதுபத்திக் கரி படிந்த விரல்களிலிருந்து வெள்ளையாக விழுந்தது. புள்ளி இல்லை, வளைவு இல்லை. சுவரோரம் சும்மா ஒரு நீளக் கோடு.

அப்போது பார்த்து அத்தை படியேறி வந்தாள்.

"என்ன புள்ள பண்ற? வருஷம் திரும்பல, அதுக்குள்ள கோலமா?"

"கோலம் இல்லீங்கத்தை. மாவு. எறும்புக்கு."

"வாசல்ல மாவு போட்டா அதுக்குப் பேரு கோலமில்லாம மைசூர்பாகா?"

அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அத்தைக்குக் கோபம் ஏறிவிட்டது.

"இரு, பூத்துக்குப் போயி உன்ற மாமனுக்குப் போன் போடறேன்."

"போடுங்கத்தை. அவரு தங்கச்சி சலிச்சு வெச்ச மாவுதான இது. நானே பேசறேன்."

எறும்புகள் முதலில் மாவைக் கண்டுகொள்ளவில்லை. எண்ணெய்த் துணிவரை போய்த் திரும்பி, வேறு வழி தேடின. செம்பருத்திக் கிளை ஒன்று கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மொட்டோடு வெட்டினேன். அம்மா பார்த்திருந்தால் திட்டியிருப்பாள். தினமும் துணியை மறுபடி நனைத்தேன், மாவு போட்டேன். கம்பிக்கு வருகிற எறும்புகள் குறைந்தன. மாவாலா, எண்ணெயாலா தெரியாது. குஞ்சுகள் பறந்துபோயின. நான் மாவு போடுவதை நிறுத்தவில்லை.

அம்மா சலித்த மாவு டப்பாவின் அடிக்கு வந்த அன்று, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா அரிசியை மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வந்தார். மாவு சூடாக இருந்தது.

"டப்பாவக் கழுவிட்டுக் கொட்டு" என்றார்.

நான் கழுவவில்லை. அடியில் ஒட்டியிருந்த அம்மாவின் மாவு மேலேயே புது மாவைக் கொட்டி, ஒரு கை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.