சீட்டுப் பார்த்துப் பேசுகிறவள்

போன் மணி அடிக்கிறது. அக்கா எடுக்க மாட்டாள். பால் பொங்கி அடங்கட்டும் என்பதுபோலத் தள்ளி நின்று பார்ப்பாள். மணி ஓய்ந்த பிறகு, பழைய அச்சுத் தாளைக் கிழித்த சீட்டு ஒன்றில் பேசவேண்டியதை வரிவரியாக எழுதிக்கொள்வாள். ‘வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது? மூன்றாம் அத்தியாயம் நாளை வரும். வைத்துவிடட்டுமா?’ அப்புறம்தான் திருப்பி அழைப்பாள். சொல்லி முடித்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு டிக்.

“மருந்துக் கடைக்குப் பேசக்கூடவா சீட்டு?” என்று கூடவே இருக்கும் தங்கை தலையில் அடித்துக்கொள்வாள்.

“எழுதலைன்னா நாக்கு மேல ஒட்டிக்குதுடி.”

இந்த ஊமைக்கோட்டான்தான் ஒன்பது நாவல் எழுதியவள் என்றால் யார் நம்புவார்கள்? அதிலும் அவளுடைய நாயகி ஒரு வாயாடி வக்கீல். எதிர்த்தரப்புக்குத் தண்ணி காட்டுகிறவள். வாதாட எழும்போதெல்லாம், ‘நிமிர். முறை. இப்போது சிரி’ என்று மனதுக்குள் தனக்கே உத்தரவு போட்டுக்கொள்வாள். வாசகர்களுக்கு அது மனப்பாடம்.

அந்தப் பேச்செல்லாம் எங்கிருந்து வருகிறது என்கிறீர்கள்? பல் டாக்டரின் காத்திருப்பு அறையிலிருந்து. வாரம் இரண்டு நாள் போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். பல்லுக்கு ஒரு கேடும் இல்லை. “நீங்க வந்து உக்காந்தாலே யாராவது மாமியார் கதைய ஆரம்பிச்சிடுறாங்க” என்று டோக்கன் கொடுக்கிற பெண் சிரிப்பாள். வாயே திறக்காத ஒருத்தியைக் கண்டால் மற்றவர்களுக்கு எப்படித்தான் பேச்சு ஊறுகிறதோ!

பத்தாவது நாவலில் வந்தது வினை. பதிப்பாளர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“மேடம், உங்க பேர்ல நான்தான் எழுதுறேன்னு ஊரெல்லாம் பேச்சு. புத்தகக் கடைக்காரங்க ஆளைக் காட்டுங்கன்னு நிக்கிறாங்க. வெளியீட்டு விழாவுல அஞ்சே நிமிஷம் பேசுங்க. இல்லன்னா அடுத்த புத்தகத்தை என்னால போட முடியாது.”

அடுத்ததில் பாதி எழுதியாகிவிட்டது. அதில் வக்கீலம்மாவே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். அவளை அப்படி நட்டாற்றில் விட அக்காவுக்கு மனசு வரவில்லை. பேச ஒத்துக்கொண்டாள். மூன்று நாளாகச் சீட்டு எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள்.

விழா மேடையில் அக்கா சீட்டைப் பிரித்தாள். எதிரே இருநூறு பேர். முதல் வரிசையில் தங்கை. அக்கா குனிந்த தலை நிமிராமல், எழுதியதை ஒரு சொல் விடாமல் படித்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். நிமிர். எல்லாரையும் பார். இப்போது சிரி.”

கூட்டம் திருதிருவென்று முழித்தது. தனக்கென்று எழுதிவைத்த உத்தரவையும் சேர்த்துப் படித்துவிட்டது அப்போதுதான் உறைக்க, அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

பின்வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அடுத்த நொடி அரங்கமே சிரித்தது. “அட, அச்சு அசல் வக்கீலம்மா! இவங்கதான்யா எழுதுறாங்க!” என்று புத்தகக் கடைக்காரர் ஒருவர் எழுந்து நின்று கத்தினார். பதிப்பாளர் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

அக்கா மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். உதடு தானாகவே விரிந்தது. கைதட்டல் ஓயும்வரை அப்படியே நின்றாள். பிறகு பேனாவைத் தேடி எடுத்து, இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, சீட்டில் ‘இப்போது சிரி’ என்ற நான்காவது வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள்.