வலக்கைப் பக்கக் குருசடி

கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றின் மலைப்பாதைகள் பீமராவுக்குத் தெரிந்த அளவுக்குத் தென்னூரில் வேறு யாருக்கும் தெரியாது. அந்தத் தீவிலேயே யாருக்கும் தெரியாது என்று அவர் சொல்வார். அது கொஞ்சம் அதிகம், ஆனால் கொஞ்சம்தான். எந்த ஊர் எல்லையில் ஆட்டுப்பட்டியின் படலைத் திறந்து மறுபடி சாத்த வேண்டும், எந்தக் கிணற்றில் வாளி கிடக்கும், எந்த வளைவில் நாய் குரைக்கும், அது கடிக்கிற நாயா வெறும் சத்தமா, எல்லாம் அவருக்கு விரல் நுனியில். பழைய கிராமங்களுக்கு நடுவே கழுதைகள் நடந்து நடந்து தேய்ந்த கல்பாவிய வழிகள், மொத்தம் நாற்பத்தொன்று. விடுமுறைக்கு அங்கே நடக்க வருகிறவர்கள் கையில் பிடித்துக்கொண்டு போகும் வழிக்குறிப்புகள் அத்தனையையும் எழுதியவர் அவர்தான்.

ஆனால் மனிதர் நடக்க மாட்டார். வீடு ஸ்ரீரங்கத்தில். தெருமுனையில் ஷேர் ஆட்டோ, அப்புறம் ஒன்றாம் நம்பர் பஸ், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மறுபடி ஷேர் ஆட்டோ. தென்னூரில் மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் ஆபீசுக்குப் பதினெட்டுப் படி ஏற வேண்டும். ஒன்பதாவது படியில் நின்று போனை எடுத்துப் பார்ப்பார். போனில் ஒன்றும் வந்திருக்காது. மூச்சு திரும்பி வந்ததும் போன் பைக்குள் போகும்.

வீட்டில் தஞ்சாவூர் மராத்தி பேசுகிற குடும்பம். சண்டை மட்டும் தமிழில் நடக்கும். "கொத்தமல்லி வாங்கிட்டு வாங்கன்னா கடை வரைக்கும் போக மாட்டேங்குறீங்க. வெள்ளைக்காரனுக்கு மட்டும் மலையேறச் சொல்லித் தரீங்களாக்கும்?" என்பாள் மனைவி மகாலட்சுமி.

"சொல்லித் தரதுக்கு எதுக்குக் கால்?" என்பார் பீமராவ்.

உண்மையில் அவர் வேலைக்குக் கால் தேவைப்படவில்லை. லண்டனில் இருக்கும் ஒரு நடைப்பயணக் கம்பெனிக்காரர்கள், தீவில் ஓர் ஆளை நடக்கவிட்டு, அவன் போன பாதையைக் கோடாகவும் வழியெல்லாம் எடுத்த படங்களைக் கட்டுக்கட்டாகவும் தென்னூருக்கு அனுப்பிவிடுவார்கள். பீமராவ் ஒவ்வொரு படத்தையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, 'இடிந்த சுவர் முடிந்ததும் அத்திமரம், அதைத் தாண்டி நாற்பது அடி இறக்கம்' என்று எழுதுவார். எழுதும்போது அவர் முகத்தைப் பார்த்தால் கடற்காற்று அடிக்கிற மாதிரியே இருக்கும். அடித்துக்கொண்டிருப்பது ஏசி.

பதினோரு வருஷமாக இதுதான் வேலை. பதினோரு வருஷமாக ஆசையும் ஒன்றே ஒன்றுதான், அங்கே ஒரு தடவை போய் நிற்க வேண்டும். அதற்காகவே பாஸ்போர்ட் எடுத்தார். அது ஒரு முத்திரைகூட வாங்காமல் காலாவதியாயிற்று. புதுப்பித்து வைத்தார்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் ஆபீஸ் தலைவி ஜாஸ்லின் அவரைக் கூப்பிட்டாள். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

"லண்டன்லேர்ந்து மெயில் வந்திருக்கு சார். மே மாசம் நம்ம ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர அங்க அனுப்புறாங்களாம். குறிப்பெல்லாம் சரியா இருக்கான்னு நடந்து பார்க்கணும். உங்க பேரத்தான் கொடுத்திருக்கேன்."

பீமராவ் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"ஒரே ஒரு கண்டிஷன் சார். அங்க தினம் அவ்வளவு தூரம் நடக்கணும் இல்லையா? அதனால இங்க ஒரே நாள்ல பதினஞ்சு கிலோமீட்டர் நடந்து, போன்ல பதிவு பண்ணி அனுப்பணும். முடியலேன்னா அடுத்த பேரு ஸஹ்ரா."

ஸஹ்ரா ஆபீசில் சேர்ந்து இரண்டு வருஷம்தான். துவாக்குடியில் படித்துவிட்டு வந்தவள், இருபத்தாறு வயது, பதினெட்டுப் படியையும் இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறவள். அந்தப் பெயரைக் கேட்டதும் பீமராவ், "நடக்குறேன் மேடம், அதென்ன பெரிய விஷயம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் புது ஷூ போட்டுக்கொண்டு கிளம்பினார். காவிரிப் பாலத்தில் கால்வாசிகூடத் தாண்டவில்லை. பக்கத்துத் தெரு மருதை ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டார்.

"ராவ் சார், என்ன ஆச்சு? ஏறுங்க."

"இல்லைங்க, சும்மாதான் நடக்குறேன்."

"சும்மா யாராச்சும் நடப்பாங்களா? கூச்சப்படாம ஏறுங்க சார். பஸ் ஸ்டாண்டுலதானே இறங்கணும்?"

இரண்டு நிமிஷம் மறுத்துப் பார்த்தார். மருதையின் முகம் சுருங்கத் தொடங்கியது. ஏறிவிட்டார். பைக்குள் இருந்த போன், தாங்கள் வாகனத்தில் செல்வதாகத் தெரிகிறது என்று ஒரு பெண் குரலில் சொல்லிப் பதிவை நிறுத்தியது.

இந்த ஊரில் இது ஒரு சங்கடம். தெரிந்த மனிதரைத் தெருவில் நடக்க விட மாட்டார்கள். நடக்கிறவருக்கு வண்டி கெட்டுப்போயிருக்க வேண்டும், அல்லது புத்தி. அடுத்த ஞாயிறு மருந்துக்கடைக்காரர் காஜா மைதீன் காரை நிறுத்தி, "நீங்க வெயில்ல நடக்க, நான் ஏசியில போனா நல்லாவா இருக்கும்? வாங்க சார்" என்று கதவைத் திறந்துவிட்டார். மூன்றாவது ஞாயிறு ஒருவரிடம் கண்டிப்பாக வர முடியாது என்று சொல்லித் தப்பித்தார். அந்த மனிதர் நேரே மகாலட்சுமிக்குப் போன் போட்டு, வீட்டில் ஏதாவது சண்டையா என்று விசாரித்தார். தமிழில் ஏதும் இல்லை என்று அவள் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை.

மே மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பீமராவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. ஸ்ரீரங்கத்தில் நடக்கிற மனிதரை யாரும் வண்டியில் ஏற்றிக்கொள்ளாத இடம் ஒன்று இருக்கிறது. கோயிலைச் சுற்றி நடந்தால் அது வேண்டுதல். வேண்டுதலில் இருப்பவரை எவரும் தடுக்க மாட்டார்கள்.

உத்திர வீதியை ஒரு சுற்று வந்தால் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஏழு சுற்று. கிழக்கே தொடங்கி, தெற்கே திரும்பி, மேற்கு, வடக்கு, மறுபடி கிழக்கு. மருதை எதிரே வந்தார். வண்டியை நிறுத்தவில்லை, தலையை மட்டும் பயபக்தியோடு ஆட்டிவிட்டுப் போனார். மூன்றாவது சுற்றில் பூக்காரம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள். ஐந்தாவது சுற்றில் குதிகாலில் கொப்புளம். ஆறாவதில் அது உடைந்தது. பீமராவ் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். ஏழாவது சுற்று முடிந்து போன் பதினைந்து என்று காட்டியபோது, தேர்முட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி சிரித்தார். அன்று சாயங்காலமே கிரேக்க மொழியில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டு, அதை மகாலட்சுமியிடம் நாலு தடவை சொன்னார்.

நாலு நாள் கழித்து ஜாஸ்லின் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். படத்தில் ஸ்ரீரங்கத்தின் மேல் ஒரு பெரிய சதுரம், ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு தடவை போட்டது. கீழே லண்டனின் கேள்வி. திரு. ராவ் வழி தவறிவிட்டாரா, ஒரே கட்டடத்தை ஏழு முறை சுற்றியிருக்கிறாரே, வெளியே வர யாராவது உதவினார்களா?

பீமராவுக்குக் காது சிவந்தது. ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. 'ஏழு முறையும் கட்டடம் அவருடைய வலக்கைப் பக்கமே இருக்கிறது. பதினேழாம் பாதையைப் பற்றி வந்திருக்கும் புகாருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?'

புகார் இதுதான். பதினேழாம் பாதையில் மலை உச்சியில் மாதாவுக்கு ஒரு சின்ன ஆலயம் நிற்கிறது. ஜாஸ்லின் அந்த மாதிரி வழியோர ஆலயங்களைக் குருசடி என்பாள். அந்தக் குருசடியை இடக்கைப் பக்கம் விட்டுப் போனால் கப்பல் நிற்கும் கலாமி. வலக்கைப் பக்கம் விட்டுப் போனால் வுனோ, ஒற்றைக் காபிக்கடை உள்ள குக்கிராமம், அதற்கு மேல் வழியே கிடையாது. பாதைக்கோடு கலாமிக்குத்தான் போகிறது. பீமராவின் குறிப்பு மட்டும், 'ஆலயத்தை வலப்புறம் வைத்துக்கொண்டு நடக்கவும்' என்கிறது. அதை நம்பிப் போன ஒரு தம்பதி கப்பலைக் கோட்டை விட்டுவிட்டார்கள்.

ஜாஸ்லின் நாற்பத்தொரு குறிப்புகளையும் திறந்து பார்த்தாள். வழியெங்கும் மொத்தம் அறுபத்து மூன்று குருசடிகள். அறுபத்து மூன்றும் வலப்புறம்.

"என்ன சார் இது?"

பீமராவ் திரையில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். சத்தியமாக அவருக்கே இது இப்போதுதான் தெரிகிறது. "கோயிலைப் போயி எப்படிங்க மேடம் இடக்கைப் பக்கம் விட்டுட்டுப் போறது?" என்றார்.

"குருசடிய யாரு சார் பிரதட்சிணம் பண்ணுவா?" ஜாஸ்லினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவம், அவர் அவ்வளவு குழம்பிப்போய் நின்றார்.

மற்ற இடங்களில் பாதை குருசடிக்காக இரண்டாகப் பிரிந்து, அப்பால் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிடும். அதனால் எந்தப் பக்கம் போனாலும் ஊர் வந்துவிட்டது. பதினேழில் மட்டும் சேரவில்லை. அந்தக் குறிப்பு அச்சேறிய நாளிலிருந்து, ஏழு வருஷமாக, ஜனங்கள் வுனோவுக்குப் போய் இறங்கி, அதுதான் திட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக் காபி குடித்துவிட்டு, டாக்ஸி பிடித்துத் திரும்பியிருக்கிறார்கள். மனிதர்கள் அச்சில் இருப்பதை அவ்வளவு நம்புகிறார்கள்.

லண்டன் பதினேழை மட்டும் திருத்தச் சொன்னது. பீமராவ் மூன்று நாள் வீட்டுக்குப் போன நேரம் தவிர நாற்காலியை விட்டு எழவில்லை. அறுபத்து மூன்று இடத்தையும் படத்தோடு ஒப்பிட்டு, இடம் வலம் பிசகாமல் மாற்றி எழுதினார். இரண்டு பக்கத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வேறு. இந்தச் சிரத்தையைப் பார்த்து மனம் இளகி, இவரையே அனுப்புவோம் என்பார்கள் என்று அவர் கணக்கு. லண்டன் இளகத்தான் செய்தது. இவ்வளவு நுணுக்கமான திருத்தத்தைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று பாராட்டியது. இத்தனை இடத்தைத் திருத்தியிருப்பதால் எல்லாவற்றையும் குறித்த நாளுக்குள் நடந்து பார்த்தாக வேண்டும், ஆகவே வேகமாக நடக்கக்கூடிய, இடம் வலம் குழம்பாத ஒருவரை அனுப்பவும் என்றும் எழுதியது.

பீமராவுக்கு அழுகை வந்தது. ஐம்பத்தாறு வயதில் ஆபீசில் அழ முடியாது என்பதால் கீழே இறங்கிப் போய், காஜா மைதீன் கடையில் கொப்புளத்துக்குக் களிம்பு கேட்டார். கொப்புளம் ஆறி ஒரு வாரம் ஆகியிருந்தது. வீட்டில் மகாலட்சுமி மராத்தியில் சாப்பிடக் கூப்பிட்டாள்.

மே மாதம் ஸஹ்ரா போனாள். ஜூன் இரண்டாம் வாரம் வெயிலில் முகம் கறுத்து, கையில் ரோஜா மணக்கும் மிட்டாய்ப் பெட்டியோடு வந்து நின்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்த பிறகு, நாற்காலியை இழுத்துப் பீமராவ் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எதுவும் கேட்கக் கூடாது என்றுதான் அவர் நினைத்திருந்தார். "பதினேழு சரியா இருந்துச்சா?" என்று வாய் கேட்டுவிட்டது.

"ரொம்பச் சரியா இருந்துச்சு சார். நேரா கலாமியில போயி இறங்கிட்டேன். கப்பலுக்கு அரை மணி நேரம் பாக்கி இருந்துச்சு."

"நல்லது."

"மறுநாள் எனக்கு லீவு சார். அதனால வுனோவுக்கும் போயிப் பார்த்தேன்." அவள் குரல் தணிந்தது. "ஊர்ல மொத்தமே ஒம்பது பேருதான். அந்தக் காபிக்கடை இருக்குல்ல, ஒரு அம்மா வச்சிருக்காங்க. மூட இருந்த கடையாம். ஏழு வருஷமா வழி தப்பி வரவங்களாலதான் ஓடிட்டு இருந்துச்சாம். பன்னண்டு நாற்காலி புதுசா வாங்கிப் போட்டிருக்காங்க. வாசல்ல இங்கிலீஷ்ல ஒரு போர்டு. 'நீங்க வழி தப்பிட்டீங்க, உக்காருங்க'ன்னு."

பீமராவ் சிரித்தார். ஸஹ்ரா சிரிக்கவில்லை.

"உங்க பதினேழாம் பாதைக் குறிப்பு, அந்தப் பழைய பக்கம், யாரோ விட்டுட்டுப் போனதாம் சார். சட்டம் போட்டுச் சுவர்ல மாட்டியிருக்காங்க. இத எழுதுனவரு ஒருநாள் கண்டிப்பா வருவாரு, வந்தா என் கையால காபி போட்டுத் தருவேன்னு வரவங்க கிட்ட எல்லாம் சொல்லிட்டு இருந்தாங்களாம். நான் அந்த ஆபீஸ்னு தெரிஞ்சதும் கையப் புடிச்சுக்கிட்டாங்க. இந்த மாசம் ஒரு ஆளும் வரல, நாற்காலியெல்லாம் அடுக்கி வச்சுட்டேன், அவரு இறந்துட்டாரான்னு கேட்டாங்க."

பீமராவ் மிட்டாய்ப் பெட்டியின் மூடியைத் திறந்து, மூடினார். பதினோரு வருஷமாக அவர் எழுதிய தீவில் அவருக்காக யாரும் காத்திருப்பார்கள் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

"நீ என்னம்மா சொன்ன?"

ஸஹ்ரா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"திருத்திட்டாருன்னு சொன்னேன் சார்."