வலது பக்கத்துக் காலடிச் சத்தம்

என் கணவர் போர்வெல் வண்டியில் வேலை செய்கிறார். வருடத்தில் எட்டு மாதம் வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். நான் வெண்ணந்தூரில், வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் ஓட்டுகிறேன். தினமும் போனில் பேசுவோம். ஆனால் "சாப்பிட்டியா?", "ஆச்சுங்க" என்பதற்கு மேல் பேச்சு நகராது. இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்திருந்தபோது அவர் என் போனில் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து சாயங்காலம் தறியை நிறுத்தியதும் நான் சமையலறையிலும் அவர் எங்கோ ஒரு சோளக்காட்டு ஓரத்திலும் உட்கார்ந்துகொண்டு, ஒரே தீவில் பாராசூட்டில் குதிப்போம். சண்டைக்கு நடுவில்தான் எங்களுக்குப் பேச்சு வந்தது. ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்தபோதுதான், போன மாதம் தனக்குக் காய்ச்சல் வந்ததையே சொன்னார்.

அந்த விளையாட்டில் எதிரி கண்ணில் படுவதற்கு முன்பே அவன் காலடிச் சத்தம் வரும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார். நான் பிழைத்ததே இல்லை.

"வலது பக்கம் ஆளு வாரான். கேக்கலையா புள்ள?"

"எங்கீங்க?"

"காதுல என்னத்த வெச்சிருக்கே நீ!"

அதற்குள் நான் செத்திருப்பேன். போனோடு வந்த பழைய இயர்போன்தான் காரணம் என்று இரண்டு பேருமே நம்பினோம். "ஆயிரத்துக்குள்ள நல்ல ஹெட்போனா ஒண்ணு வாங்கிக்க" என்றார்.

ஒரு விடுமுறை நாளில் ராசிபுரம் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் கடை. கல்லாவில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கேம் விளையாட என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. "மைக் வேணுமுங்களா அக்கா? எவ்வளவு நேரம் போடுவீங்க?" என்று கேட்டாள். நான் பார்த்துவைத்திருந்த வயர் இல்லாத மாடலை ஒதுக்கி வைத்தாள். இந்த விலையில் ப்ளூடூத் வாங்கினால் எதிரி சுட்டு முடித்த பிறகுதான் சத்தம் வரும், வயர் உள்ளதே மேல் என்றாள். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதையெல்லாம் நம்ப வேண்டாம், காதை முழுசாக மூடுகிறதா, தலையை அழுத்தாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றாள். நம் ஊர் வெயிலுக்கு ரெக்சின் மெத்தை வியர்த்துக் கொட்டும், துணி மெத்தையே நல்லது என்று ஒன்றை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டாள்.

பிறகு, முதலில் இடது பக்கமும் அடுத்து வலது பக்கமும் கேட்கும் என்று சொல்லித் தன் போனில் காலடிச் சத்தம் ஒன்றை ஓடவிட்டாள். இடது பக்கம் சரளைக்கல்லில் யாரோ நடந்து வந்தார்கள். சட்டென்று நின்றுபோனது.

"வலது பக்கம் வேலை செய்யலீங்க" என்றேன்.

வேறொன்றை மாட்டினாள். அதிலும் வலது பக்கம் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. "எல்லாமே பழுதா வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் மூன்றையும் தன் காதில் வைத்துக் கேட்டாள். கடைசியாக வைத்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். பிறகு மெதுவாக, "அக்கா, இதையே திருப்பிப் போட்டுப் பாருங்க" என்றாள்.

திருப்பி மாட்டினேன். இத்தனை நேரம் கேட்காத அந்த வலது பக்கத்துக் காலடி இப்போது என் இடது காதில் தெளிவாகக் கேட்டது. வலது காதில் மறுபடியும் ஒன்றுமில்லை. ஹெட்போனில் பழுதில்லை.

கடைக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கு எதுவும் வாங்க வேண்டாமுங்க. மொதல்ல காது டாக்டரப் பாருங்க" என்றாள். பழுதைப் பற்றிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ஆனால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பழசையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். போனை எப்போதும் இடது காதில்தான் வைப்பேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, ரொம்பத் திமிர் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதாகக் கேள்விப்பட்டு அவளோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தேன். வாசலில் நின்றால் அவள் வீடு என் வலது கைப் பக்கம்.

நான்கு நாள் விளையாடப் போகவில்லை. ஐந்தாம் நாள் அவரே போன் செய்தார். சொன்னேன்.

"ரெண்டு வருசமா நான் உன்னைத் திட்டிட்டே இருந்திருக்கேன்" என்றார்.

"வெளையாட்டுலதானுங்களே."

"ஊட்லயும் திட்டியிருக்கேன்" என்றார். அது உண்மைதான்.

சேலத்தில் டாக்டர் என்னை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். சின்ன வயதில் அந்தக் காதில் சீழ் வந்ததா என்று கேட்டார். வந்தது. தறி ஓட்டி எத்தனை வருடம் என்று கேட்டார். பதினைந்து என்றேன். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். தறி ஓடும்போது இரண்டு காதிலும் பஞ்சடைப்பான் வைக்கச் சொன்னார். ஹெட்போன் போடலாமா என்று கேட்டபோது அவர் முகத்தில் லேசான ஆச்சரியம். "போடுங்க, சத்தத்தைக் கொறைச்சு வையுங்க" என்றார்.

மறுபடியும் ராசிபுரம் போய், முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துணி மெத்தை வைத்த அந்த முதல் ஹெட்போனையே எடுத்துக் கொடுத்தாள். என் போனின் செட்டிங்குக்குள் போய் இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டாள். இனி எதுவும் விடுபடாது, ஆனால் திசை தெரியாது என்றாள். காலடி எங்கே என்று திரையில் கோடு காட்டும் வசதி அந்த விளையாட்டிலேயே இருந்ததை எங்களுக்கு அவள்தான் காட்டித் தந்தாள்.

அன்று சாயங்காலம் பொறுமையாக விளையாடினோம். "கெழக்க, பாறைக்குப் பின்னால ரெண்டு பேரு. அவசரமில்ல" என்று அவர் சொல்லச் சொல்ல நான் நகர்ந்தேன். ஜெயிக்கவில்லை. முன்பைவிட நெடுநேரம் உயிரோடு இருந்தோம். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, அவர் நாள் முழுக்க நிற்பது இரைந்து ஓடும் கம்ப்ரசருக்குப் பக்கத்தில்.

"ஏனுங்க, உங்க காதை என்னிக்காவது பாத்திருக்கீங்களா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது."

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன்."

அவர் வாதாடவில்லை. ஆடிக்கு ஊருக்கு வந்ததும் அவராகவே புறப்பட்டார். அதே கண்ணாடி அறை. வெளியே பெஞ்சில் நான் காத்திருந்தேன். இரண்டு காதிலும் கேட்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது, இப்போதே கவனித்தால் போதும் என்றார் டாக்டர். திரும்பிப் போகும்போது வண்டியில் இருக்கும் எல்லோருக்குமாகப் பஞ்சடைப்பான் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனார். இரண்டு பேர்தான் போடுகிறார்களாம், மற்றவர்கள் சிரிக்கிறார்களாம். அந்த இரண்டு பேரில் அவர் ஒருவர்.