அபொண்டியும் ஆகாயத்தாமரையும்

படகுக்காரர் ஒபுயாவுக்கு அபொண்டி அறுபத்திரண்டாயிரம் ஷில்லிங் கடன்பட்டிருந்தாள். நாளுக்கு இரண்டாயிரம் வாடகை, முப்பத்தொரு நாள்.

அது அவள் தின்று தீர்த்த காசு இல்லை. கிசுமுவில் டாக்டர் பட்டத்துக்குப் படித்தவள், விக்டோரியா ஏரியில் மீன் முட்டையிடும் இடங்களில் தண்ணீருக்குள் மூச்சுக்காற்று எவ்வளவு இருக்கிறது என்று தானாகவே நீந்திப்போய் அளந்து வரும் எந்திரம் ஒன்றைக் கட்டியிருந்தாள். மூன்றாம் வருடம் உதவித்தொகை நின்றது. எந்திரமோ பல்கலைக்கழகத்தின் சொத்து. விலகினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்று வருட உழைப்பையும் விட வேண்டும், காசில்லாமல் தொடரவும் முடியாது. "குடுத்துடறேன் பெரியவரே" என்று சொல்லிச் சொல்லியே தினமும் படகில் ஏறினாள்.

முப்பத்திரண்டாம் நாள் காலை எந்திரத்தை இறக்கிய சற்று நேரத்தில் காற்று திரும்பியது. தண்ணீரில் மிதந்து படரும் ஆகாயத்தாமரைக் களை எப்படி வரும் என்று எங்கள் கரையில் யாரும் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. தூரத்தில் பச்சையாக ஒரு கோடு தெரியும். வலையைச் சுருட்டுவதற்குள் படகை இடிக்கும். எந்திரத்தைத் தேடி உள்ளே போன இருவரின் படகு மோட்டாரில் வேர் சுற்றிக்கொண்டது. நாலு பக்கமும் பச்சை மூடிவிட்டது. முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் இல்லை.

"உன் மீன் எங்க, சேமேக்காரி?" என்றார் ஒபுயா. பிறந்த ஊரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார்; எந்திரம் அவருக்கு மீன்.

"கோளாறுன்னா நேரா மேல வந்துடும். வந்ததும் போனுக்குச் சேதி அனுப்பும். அப்படித்தான் அதுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

"மேல என்ன இருக்கும்னு சொல்லி வெச்சே?"

"காத்துதான்."

ஒபுயா துடுப்பைப் பச்சையில் குத்தினார். அது அப்படியே நட்டுக்கொண்டு நின்றது. "இதான் உன் காத்து. மூணாம் வகுப்போட நின்னவன் நான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பக்கத்துல நகர்ந்து போகச் சொல்லும்மான்னு சொல்லியிருப்பேன்."

அறைக்குள் உட்கார்ந்து வரைந்தபோது அபொண்டி ஏரியின் மேற்பரப்பை ஒரே நீலக் கோடாகத்தான் போட்டிருந்தாள்.

வெயில் ஏறியது. ஆறிப்போன சோளக்களி உகாலியைப் பிய்த்துத் தின்றார்கள். கொசு மொய்த்தது.

"என்னை ஒரு தடவ இந்தப் பச்சை ரெண்டு நாள் பிடிச்சு வெச்சுது. நான் அழுவல" என்றார் ஒபுயா.

"நானும் அழுவல."

"அப்ப கண்ணு வேர்க்குதாக்கும்."

எந்திரம் தண்ணீருக்குள் டிக் டிக்கென்று ஒலி எழுப்பும். மின்சாரம் சாயங்காலம் வரைதான் தாங்கும். அது நின்றால் மூன்று வருடமும் ஏரிக்குத்தான். கத்தியால் ஒரு பொத்தல் வெட்டி, ஒலி கேட்கும் கருவியை இறக்கினாள். எந்திரம் நூற்றுப்பத்து மீட்டர் தள்ளி இருப்பதாகக் காட்டியது. உச்சி வேளையில் மறுபடி இறக்கினாள். அதே நூற்றுப்பத்து.

"பெரியவரே, காலைல கரையில தெரிஞ்ச சர்ச் எங்க இருந்துச்சு?"

"நேர் எதுக்க." திரும்பிப் பார்த்தார். சர்ச் வெகுதூரம் பின்னால் போயிருந்தது.

"நாம இவ்வளவு தூரம் வந்தும் இடைவெளி மாறல. இதே பச்சை மெத்தையோட வேருல சிக்கி, அதுவும் நம்மகூடவே வருது."

"அதுக்காச்சும் துணை கெடச்சுதே."

நாலு மணிக்குப் பச்சை மெத்தை கோரைக்கரையில் முட்டி இளகியது. இடுப்பளவுச் சேற்றில் இறங்கி இருவரும் வெட்டிக்கொண்டே போனார்கள். முப்பதடி இருக்கும்போது ஒலி நின்றுபோனது. அபொண்டி நின்றுவிட்டாள். ஒபுயா நிற்கவில்லை, துடுப்பால் குத்திக் குத்திக் கடைசியில் ணங்கென்று சத்தம் கேட்டது. வேர் சடையாகச் சுற்றிக் கிடந்தது எந்திரம்.

அதன் வயிற்றில் ஒன்பது மணிநேரக் கணக்கு இருந்தது: ஆகாயத்தாமரைக்கு நேர் அடியில் உள்ள தண்ணீரின் மூச்சு. எந்தப் படகும் போக முடியாத இடம் என்பதால் அப்படி யாரும் அளந்திருக்கவில்லை. மேலே அடைத்திருந்தால் பக்கவாட்டில் வழி தேடு என்று எந்திரத்துக்குப் புதிதாகச் சொல்லி வைத்தாள். அந்தக் கணக்கைப் பார்த்த மீன்வளத் துறைக்காரர்கள் ஆகாயத்தாமரைக்கு அடியில் அளக்கும் வேலைக்கே அவளைக் கூப்பிட்டு முன்பணம் கொடுத்தார்கள்.

முன்பணம் கிடைத்த அன்றே கரைக்கு வந்தாள். "பணத்தைப் போன்ல அனுப்பிடட்டுமா?"

"போன்ல வந்தா என் பொண்டாட்டிக்கு மொதல்ல தெரிஞ்சுடும். கையில குடு." உள்ளங்கையை விரித்தார். "மாட்டிக்கிட்ட நாளையும் சேர்த்துக்க."

"அன்னைக்கு நாம எங்கயும் போகலையே."

"மூணு மைல் போனோம், எண்ணெய் ஊத்தாம. படகு படகுதான்."

அபொண்டி சிரித்துக்கொண்டே ஆயிரம் ஷில்லிங் தாளாக அறுபத்துநான்கை ஒவ்வொன்றாக அந்தக் கையில் எண்ணி வைத்தாள்.